பழைய ஃபெடோரா: பெரிதாக வாங்கி இறுக்குவதா, சிறிதாக வாங்கி விரிப்பதா?

ஃபெடோரா என்பது உச்சியில் மடிப்பும் சுற்றிலும் விளிம்பும் உள்ள தொப்பி. 1940, 50களில் வந்த ஸ்டெட்சன், டாப்ஸ், போர்சாலினோ கம்பெனிகளின் ஃபெடோராக்களை ஈபேயிலோ எட்ஸியிலோ தேடினால், நம் தலைக்குரிய அளவைத் தவிர மற்ற எல்லா அளவும் கிடைக்கும். நிறம் பிடித்திருக்கும், விளிம்பு பிடித்திருக்கும், விலையும் பரவாயில்லை, ஆனால் ஓர் அளவு கூடுதல் அல்லது ஓர் அளவு குறைவு. எதை எடுப்பது? பெரியதை எடுங்கள். சின்னது எவ்வளவு மலிவாக வந்தாலும் விட்டுவிடுங்கள்.

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். அமெரிக்க அளவில் 7 என்றால் தலையின் சுற்றளவு சுமார் 56 செ.மீ., 7 1/8 என்றால் 57, 7 1/4 என்றால் 58. அதாவது எட்டில் ஒரு பங்கு ஏறினால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். பிரிட்டிஷ் தொப்பியில் அதே தலைக்கு எண் எட்டில் ஒன்று குறையும், அமெரிக்க 7 1/8 அங்கே 7. இது தெரியாமல் லண்டன் விற்பனையாளரிடம் வாங்கினால் ஓர் அளவு தப்பும். சரி, எண் தெரிந்துவிட்டது என்று நிம்மதியடையவும் முடியாது. எழுபது வருடத்தில் உள்ளே இருக்கும் தோல் பட்டை காய்ந்து சுருங்கி, ஃபெல்ட்டையும் (தொப்பி செய்யும், ரோமத்தை அமுக்கிய கெட்டித் துணி) கூடவே இழுத்திருக்கும். சீட்டில் 7 3/8 என்று இருக்கும், டேப் 7 1/4 என்று சொல்லும். அதனால் விற்பவரிடம் 'என்ன சைஸ்' என்று கேட்பது வீண். தோல் பட்டையின் உட்புறம் டேப்பை வைத்து அளந்து, படத்தோடு சென்டிமீட்டரில் சொல்லச் சொல்லுங்கள். அந்தத் தோலை லேசாக மடக்கினால் வளைகிறதா, நொறுங்குகிறதா என்றும் கேளுங்கள்.

பெரிய தொப்பியை இறுக்குவது சுலபம். தோல் பட்டையை வெளியே மடித்து, அதற்கும் ஃபெல்ட்டுக்கும் நடுவில் ஃபோம் பட்டையோ கார்க் பட்டையோ சொருகினால் போதும், அந்தக் காலத்தில் செய்தித்தாளை மடித்து வைத்தே சமாளித்திருக்கிறார்கள். கணக்கு மட்டும் கவனம்: 3 மி.மீ. தடிப்புள்ள பட்டையைச் சுற்றிலும் வைத்தால் ஃபோம் அமுங்குவதற்கு முன் சுற்றளவில் கிட்டத்தட்ட 19 மி.மீ. போய்விடும், அது இரண்டு அளவு. அதனால் முன்னும் பின்னும் ஒரு துண்டு வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் கூட்டுங்கள். ஃபோமின் பசையை மூடியிருக்கும் காகிதத்தை உரிக்காதீர்கள், சும்மா சொருகினாலே நிற்கும். பழைய தோலில் பசை பிடித்துவிட்டால் எடுக்கும்போது தோலும் சேர்ந்து வரும். ஓர் அளவு வரை வெளியே தெரியாது, இரண்டு அளவைத் தாண்டினால் அப்பாவின் தொப்பியைப் போட்ட பையன் மாதிரி ஆகிவிடும்.

சின்னதை விரிப்பதற்கு மரத்தில் இரண்டு பாதியாக, நடுவில் திருகு வைத்த ஸ்ட்ரெச்சர் விற்கிறது. கெட்டில் ஆவியைக் காட்டி, திருகை மெல்லத் திருப்பி, ஓர் இரவு அப்படியே விட வேண்டும். புதுத் தொப்பியில் அரை அளவு கிடைக்கும், சில சமயம் ஓர் அளவு. பழையதில் பெரும்பாலும் ஃபெல்ட் நெகிழ்ந்து கொடுக்கும், காய்ந்த தோல் கொடுக்காது, தையல் ஓரமாகவே கிழியும். கிழியாமல் தப்பினாலும் கழற்றி வைத்தால் மறுபடி சுருங்கப் பார்க்கும். இன்னொன்றும் உண்டு: அமெரிக்காவில் 1941 டிசம்பர் வரை ஃபெல்ட் தயாரிப்பில் நச்சான பாதரசம் பயன்பட்டது, ஆகவே அதற்கு முந்தைய தொப்பிக்கு மூடிய அறையில் ஆவி காட்ட நான் சொல்ல மாட்டேன்.

அளவு சரியாக இருந்தும் நெற்றியில் அழுத்தி, இரண்டு பக்கமும் இடைவெளி விட்டால் குற்றம் எண்ணில் இல்லை, உங்கள் தலை நீள்வட்டம், தொப்பி உருண்டை. நிறையப் பேர் இதைத்தான் 'சின்னதாக இருக்கிறது' என்று நினைத்து விற்றுவிடுகிறார்கள். இங்கேயும் பெரிய தொப்பிக்குத்தான் வசதி, நீளத்துக்குப் பொருந்தும் அளவை எடுத்துப் பக்கவாட்டில் மட்டும் ஃபோம் வைத்தால் முடிந்தது. ஸ்ட்ரெச்சருக்கு நியாயம் சொல்வதானால், அது முன்பின்னாக நீட்டுவதால் தோல் மிருதுவாக இருக்கும் பட்சத்தில் இந்தத் தலைக்கு மட்டும் அது உதவும்.

மூன்றாவது வழி தொப்பிக் கைவினைஞர். தோல் பட்டையை மாற்றுவார், அச்சில் ஏற்றி மறுபடி வடிவம் கொடுப்பார். பீவர் என்ற விலங்கின் ரோமத்தில் செய்த நல்ல ஃபெல்ட் என்றால் செலவு தகும், சாதாரண கம்பளி ஃபெல்ட்டுக்குத் தகாது. ஆனால் பெரிதாக்கச் சொன்னால் கூடுதல் ஃபெல்ட் எங்கிருந்தோ வரவேண்டும், உயரமோ விளிம்போ குறையும். பொன்னெழுத்து அச்சிட்ட பழைய பட்டையும் போய்விடும், சேகரிப்பவர்கள் அதற்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறார்கள்.

பெண்களுக்கான பழைய தொப்பிகளில் இந்தச் சண்டையே பாதி கிடையாது. 40களின் சாய்த்துப் போடும் தொப்பியும், விளிம்பில்லாத சின்னத் தொப்பியான பில்பாக்ஸும் தலையைச் சுற்றி இறுகவே வேண்டாம், பின்னால் எலாஸ்டிக், உள்ளே சீப்பு, அல்லது ஹேட்பின் (தொப்பியை முடியோடு சேர்த்துக் குத்தும் நீள ஊசி) போதும். அவற்றில் மட்டும் சின்னது கிடைத்தாலும் தைரியமாக வாங்கலாம், முடி ரொம்பக் குட்டையாக இருந்தால் ஹேட்பின்னை விட்டு எலாஸ்டிக் வைத்ததாகப் பாருங்கள்.