இஸ்ரோ ஆர்டரா, தனியார் ராக்கெட் ஆர்டரா?

2020-ல் இன்-ஸ்பேஸ் (தனியார் விண்வெளிப் பணிகளுக்கு அனுமதி தரும் மத்திய அரசு அமைப்பு) அறிவிக்கப்பட்டு தனியாருக்குக் கதவு திறந்ததிலிருந்து, கோவையில் கணபதி, குறிச்சிப் பக்கம் சிஎன்சி (கணினி இயக்கும் உலோகம் வெட்டும் மெஷின்) பட்டறை வைத்திருப்பவர்களுக்கு வரும் கேள்வி இது.

பணம்
இஸ்ரோ: டெண்டர், பரிசோதனை, ஏற்பு என்று பில் மெதுவாக நகரும். ஆனால் மூழ்காது.
தனியார்: அட்வான்ஸ் பேசி வாங்கலாம். முதலீடு வற்றினால் பில்லும் நின்றுவிடும். உத்யம் (அரசின் சிறுதொழில் பதிவு) உள்ள குறு, சிறு பட்டறைக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்ற வரம்பு சட்டப்படி உண்டு, பதிவு செய்துகொள்ளுங்கள்.

மூலப்பொருள்
இஸ்ரோ: பல வேலைகளுக்குப் பொருளை அவர்களே தருவார்கள். மீதித் துண்டுக்கும் கணக்குக் காட்ட வேண்டும்.
தனியார்: பெரும்பாலும் நீங்களே வாங்க வேண்டியிருக்கும். உலோகக் கட்டையை அறுக்கும் முன் ஹீட் நம்பரை (எந்த உருக்கில் வந்த உலோகம் என்று காட்டும் எண்) இரண்டு துண்டிலும் பொறித்துவிடுங்கள். நம்பர் போன துண்டு, சான்றிதழ் கையில் இருந்தாலும் ரிஜெக்ட்தான்.

வரைபடம்
இஸ்ரோ: அடிக்கடி மாறாது.
தனியார்: வேலை நடக்கும்போதே மாறும். ரிவிஷன் எண் பார்க்காமல் மெஷினை ஓட்டாதீர்கள்.

அளவு விஷயத்தில் இரண்டும் ஒன்றே, பலர் சறுக்குவதும் இங்கேதான். வரைபட அளவு 20 டிகிரிக்கானது. சித்திரை வெயிலில் 36 டிகிரி பட்டறையில் 300 மி.மீ. அலுமினியம் சுமார் 0.11 மி.மீ. நீண்டிருக்கும். ஏசி அறையில் பல மணி நேரம் வைத்த பிறகே அளக்க வேண்டும்.

மெஷின் கடன் தவணை ஓடுகிறவருக்கு இஸ்ரோ வேலையே தாங்கும். கடன் குறைவு, ஐந்து அச்சு மெஷின், வரைபடம் படிக்கத் தெரிந்த புரோகிராமர் எல்லாம் இருந்தால் தனியாரிடம் துணிந்து போகலாம்.