ஸ்வீட்ஹார்ட் மடாலயச் சுற்றுலா: இடத்துக்கு ஐந்து, விளக்கத்துக்கு இரண்டு

ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ் நகரிலிருந்து ஸ்வீட்ஹார்ட் மடாலயத்துக்குக் கூட்டிப்போகும் ஒரு சின்ன நிறுவனத்தின் அரை நாள் சுற்றுலாவில் போய் வந்தேன். வேன் சுத்தம், நேரம் தவறவில்லை, அதில் குறையே இல்லை. நியூ ஆபி கிராமத்துக்குள் நுழைந்ததும் கூரையில்லாத செம்மணற்கல் சுவர்கள் எழுந்து நிற்பதைப் பார்த்தவுடன் மனசு நிறைந்துவிட்டது.

மடாலயத்தைக் கட்டியவர் காலோவே பகுதியின் சீமாட்டி டெர்வோர்கிலா. கணவர் ஜான் பேலியல் 1268-ல் இறந்ததும் அவருடைய இதயத்தைப் பதப்படுத்தித் தந்தப் பேழையில் வைத்துக் கூடவே வைத்திருந்தார், 1273-ல் இதை நிறுவினார், 1290-ல் அந்தப் பேழையோடே இங்கே அடக்கமானார். வழிகாட்டி இதை உருக்கமாகச் சொன்னார், அப்புறம் அதோடு நிறுத்திவிட்டார்.

எனக்கு வருத்தம் அங்கேதான். கையில் கொடுத்த வம்சாவளித் தாளில் ஸ்காட்லாந்து அரச குடும்பத்தைச் சேர்ந்த ஹண்டிங்டன் பிரபு டேவிடின் மகள்களில் இசபெல்லாவை மூத்தவராகவும் மார்கரெட்டை இளையவராகவும் போட்டிருந்தார்கள். மூத்தவர் மார்கரெட், அவருடைய மகள்தான் டெர்வோர்கிலா. இந்த வரிசையை வைத்துத்தான் ஸ்காட்லாந்தின் சிம்மாசனமே முடிவானது: 1290 செப்டம்பரில் அரச வம்சத்தின் நேர்வாரிசான குட்டிப் பெண் இறந்ததும், மூத்த மகள் வழி என்று டெர்வோர்கிலாவின் மகன் ஜான் பேலியலும், ஒரு தலைமுறை நெருக்கம் என்று இசபெல்லாவின் மகன் ராபர்ட் புரூஸும் உரிமை கேட்டார்கள், 1292 நவம்பரில் பேலியல் பக்கம் தீர்ப்பானது. டெர்வோர்கிலா இறந்தது அதே 1290 ஜனவரியில். இன்னும் எட்டு மாதம் இருந்திருந்தால் அந்த உரிமையை அவரே கேட்டிருக்கலாம்! அவர் கல்லறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்லாமல் விட எப்படி மனசு வருகிறது?

டெர்வோர்கிலாவின் சகோதரர் தாமஸின் பெயர் தாளில் இல்லவே இல்லை. அப்பா ஆலன் 1234-ல் இறந்தபோது, திருமணத்துக்கு வெளியே பிறந்த தாமஸைத்தான் காலோவே மக்கள் தலைவராகக் கேட்டார்கள், அரசர் இரண்டாம் அலெக்சாண்டரோ நிலத்தை மூன்று மகள்களுக்கும் அவர்களுடைய கணவர்மாருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார். கிளர்ச்சி அடங்கியபின் தாமஸ், பேலியல் குடும்பத்தின் பார்னார்டு கோட்டையில், அதாவது சகோதரியின் புகுந்த வீட்டில், ஏறக்குறைய அறுபது வருஷம் கைதியாக இருந்தார். கணவரின் இதயத்தை அப்படிப் பாதுகாத்த டெர்வோர்கிலாவின் இன்னொரு பக்கம் இது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் பெண்மணி முழுசாகத் தெரிவார்.

திரும்பும் வழியில் டம்ஃப்ரீஸில் பிரான்சிஸ்கன் மடம் இருந்த இடத்தில் வேன் நிற்கவில்லை. அதையும் டெர்வோர்கிலாதான் நிறுவினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. 1306 பிப்ரவரி 10 அன்று அவருடைய மகள் வயிற்றுப் பேரன் ஜான் காமினை, இசபெல்லாவின் கொள்ளுப்பேரனான இன்னொரு ராபர்ட் புரூஸ் கத்தியால் குத்தியது அந்த மடத்துத் தேவாலயத்தில்தான். வேனிலிருந்து இறங்கியதும் நான் தனியாக நடந்துபோய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். நீங்களும் அதற்கு அரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். தாளில் உள்ள தவறை வழிகாட்டியிடம் சொன்னேன், பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.