எழுதுவதற்கு முன் காட்டும் நிரல்கள்: ரெவிட், டைனமோவுடன் ஏழு ஆண்டுகள்

எக்ஸ்ரே அறையின் கதவுக்குள் ஈயத்தகடு இருக்க வேண்டும். நாங்கள் வரைந்த மருத்துவமனையில் அந்தக் கதவின் எண், பக்கத்திலிருந்த உடைமாற்றும் அறைக்குப் போய்விட்டது. கதவு செய்பவர் ஐயம் கேட்டுத் தொலைபேசியில் அழைத்ததால்தான் அது எங்களுக்குத் தெரிந்தது. மொத்தம் 412 கதவுகள். கதவு எந்த அறைக்குள் திறக்கிறதோ அந்த அறையின் எண்ணே கதவின் எண். ஓர் அறைக்கு இரண்டு கதவுகள் என்றால் பின்னால் அ, ஆ சேரும். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு சுவர் நகரும், ஓர் அறை இரண்டாகும், அந்தத் தளத்தின் அறை எண்கள் வரிசையாகத் தள்ளிப்போகும். உடனே இரண்டு பேர் இரண்டு நாள் உட்கார்ந்து, கதவு கதவாகச் சொடுக்கி எண்களை மாற்றுவோம். மூன்றாம் சுற்றில் வந்த பிழை அது. அந்த வாரமே, நாங்கள் கட்டடம் வரையும் மென்பொருளான ரெவிட்டுக்குள் நிரல் எழுத உதவும் டைனமோவைக் கற்க உட்கார்ந்தேன். ஏழு ஆண்டுகள் ஓடிவிட்டன. இதுவரை நாற்பதுக்கும் மேற்பட்ட நிரல்கள் எழுதியிருக்கிறோம். இன்று புழக்கத்தில் இருப்பவை ஒன்பது. அந்த ஒன்பது ஏன் நிலைத்தன, மற்றவை ஏன் நிலைக்கவில்லை என்பதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

வரைகிறவர்களுக்கு இந்த ஆசை புதிதல்ல. கணினியில் வரைய உதவும் ஆட்டோகேட் 1982-இல் வந்தது. நான்கே ஆண்டுகளில், 1986-இல், அதற்குள்ளேயே நிரல் எழுதும் மொழியான ஆட்டோலிஸ்ப் வந்துவிட்டது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்தவர், படிக்கட்டு வரைய ஆட்டோலிஸ்பில் எழுதிய நிரலை இருபது ஆண்டுகளாகக் கணினி கணினியாகச் சுமந்து வந்தார். ஆட்டோகேட் கோப்பில் பெரும்பாலும் கதவு என்பது சில கோடுகளும் ஒரு வில்லும்தான். ரெவிட்டில் கதவு தன்னைக் கதவு என்று அறியும்; எந்தச் சுவரில் நிற்கிறது, எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போகிறது, அகலம் என்ன என்பதெல்லாம் அதற்குள்ளேயே பதிந்திருக்கும். அந்தத் தகவலைக் கேட்டு வாங்கவும் திருப்பி எழுதவும் வழி தருவது டைனமோ. கட்டங்களைக் கம்பியால் இணைப்பதுபோல் இணைத்தால் நிரல் ஆகிவிடும். தேவைப்பட்டால் நடுவில் பைதான் நிரல்மொழியிலும் எழுதலாம். ரெவிட் 2020 முதல் இது ரெவிட்டுடனேயே சேர்ந்து வருகிறது.

முதல் நிரலை நான்கு நாட்களில் கட்டினேன். எல்லாக் கதவுகளையும் எடு, ஒவ்வொன்றும் எந்த அறைக்குப் போகிறது என்று கேள், அந்த அறை எண்ணைக் கதவில் எழுது. 412 கதவுகளும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தன. நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. மறுநாள் காலை அட்டவணையைப் படித்தபோது, ஏறத்தாழ முப்பது கதவுகள் அறையின் எண்ணுக்குப் பதிலாக நடைவழியின் எண்ணைத் தாங்கி நின்றன.

காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. கதவை முதலில் வைக்கும்போது அது எந்தப் பக்கம் திறக்கிறதோ, அதை வைத்து ரெவிட் 'எந்த அறைக்கு' என்ற மதிப்பைக் குறித்துக்கொள்கிறது. பிறகு கதவைத் திருப்பினாலும் அந்த மதிப்பு தானாகத் திரும்புவதில்லை. அட்டவணையில் நாம்தான் மாற்ற வேண்டும். திரையில் கதவு உள்ளே திறக்கும், தகவலில் வெளியே திறக்கும். கையால் எண்ணிட்ட காலத்தில் கண் படத்தைப் பார்த்தது. அதனால் இந்த முரண் எங்களைத் தொட்டதே இல்லை. நிரல் படத்தைப் பார்ப்பதில்லை, தகவலை மட்டுமே பார்க்கிறது.

இரண்டாவது பாடம் இன்னும் கசப்பானது. ஒரு தளத்தின் கதவுப் பட்டியலில் 38, அறைப் பெயர்ப் பட்டியலில் 37. பெயரிடாத அறை ஒன்றை ஒரு பட்டியலிலிருந்து மட்டும் வடிகட்டியிருந்தோம். டைனமோ வழக்கமாக இரண்டு பட்டியல்களையும் ஒன்றுக்கு ஒன்றாகச் சேர்த்து, சிறிய பட்டியல் தீர்ந்ததும் நின்றுவிடும். எச்சரிக்கை வராது, சிவப்பு நிறம் வராது. பன்னிரண்டாவது கதவிலிருந்து எல்லாப் பெயர்களும் ஓரிடம் நகர்ந்திருந்தன. பொருள் சேமிப்பறைக் கதவில் 'மருத்துவர் அறை' என்றிருந்தது. பார்ப்பதற்கு மிக ஒழுங்கான அட்டவணை. அதனாலேயே ஒருவருக்கும் சந்தேகம் எழவில்லை. கையால் செய்யும் பிழை ஒன்றிரண்டு இடத்தில் துருத்திக்கொண்டு நிற்கும். நிரலின் பிழையோ தலைவாரிப் பொட்டிட்டு வரிசையில் வந்து நிற்கிறது.

அளவு அலகும் அப்படித்தான். திரையில் மில்லிமீட்டர் காட்டினாலும் ரெவிட் நீளத்தை உள்ளுக்குள் அடிக்கணக்கில்தான் வைத்திருக்கிறது. ஃபால்ஸ் சீலிங் உயரத்தைப் பைதான் வழியாக 2700 என்று எழுதினோம், 304.8-ஆல் வகுக்க மறந்தோம். 2700 மில்லிமீட்டரில் இருக்க வேண்டிய கூரை 823 மீட்டர் உயரத்துக்குப் போய்விட்டது. வெட்டுத் தோற்றத்தில் ஓர் அறையிலும் கூரையைக் காணோம். நிரல் செய்த மாற்றம் முழுவதும் ஒரே செயலாகப் பதிவாகியிருந்ததால், ஒரே முறை பின்செலுத்தி மீட்டோம்.

இந்த மூன்று நிகழ்வுகளுக்குப் பிறகு வந்தது எங்கள் ஒரே விதி: நிரல் முதலில் காட்ட வேண்டும், பிறகுதான் எழுத வேண்டும். இன்று எங்கள் கதவு எண் நிரலில் இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன. முதல் பொத்தான் ரெவிட்டில் உள்ள கட்டட மாடலில் ஒன்றையும் தொடாது. இப்போதைய எண், வரப்போகும் எண், அறையின் பெயர், ஏன் மாறுகிறது என்ற நான்கு பத்திகளுடன் ஓர் அட்டவணையைத் திறக்கும். மாறாத கதவுகள் அதில் வராது. 412 கதவுகளில் வழக்கமாக இருபது முப்பது வரிகள்தான் இருக்கும். ஒருவர் பத்து நிமிடத்தில் படித்துவிடலாம். கதவு திறக்கும் பக்கமும் தகவலும் முரண்பட்டால் அந்த வரி மஞ்சளாக இருக்கும். படித்தவர் தம் பெயரின் முதலெழுத்தை இட்ட பிறகே இரண்டாவது பொத்தான் உயிர்பெறும். இரண்டு பேர் இரண்டு நாள் செய்த வேலை இப்போது ஒருவருக்கு அரைமணி நேரம். ஒரு நிமிடத்தில் முடிந்த முதல் நிரலைவிட இந்த அரைமணி நேரத்தையே நான் நம்புகிறேன்.

நிலைத்த மற்ற எட்டும் இதே குணம் கொண்டவை, பெரும்பாலும் சுவையற்ற வேலைகள். எக்செல் பட்டியலிலிருந்து வரைபடத் தாள்களை உருவாக்குவது. தலைப்புக் கட்டத்தில் திருத்த எண்ணையும் தேதியையும் நிரப்புவது. ஒரே எண் இரண்டு கதவுக்கு வந்திருந்தால் சொல்வது. சுவர் மூடாததால் பரப்பளவு வராமல் நிற்கும் அறைகளைப் பட்டியலிடுவது. இந்தக் கடைசி நிரலை எழுத ஒரு பிற்பகல் போதுமாக இருந்தது. அதிகம் பயன்படுவதும் அதுதான். பரப்பளவுக் கணக்கு வெளியே போகும் ஒவ்வொரு முறையும் ஓடுகிறது. பிடிஎஃப் ஆக்கும் நிரல் ஒன்றும் வைத்திருந்தோம். ரெவிட் 2022-இல் அந்த வசதி உள்ளேயே வந்ததும் அதற்கு விடைகொடுத்தோம். அப்படி ஒரு நிரல் தேவையற்றுப் போவது எனக்கு மகிழ்ச்சியே.

செத்துப்போனவை பெரிய கனவுகள். வாகன நிறுத்தத் தளத்தைத் தானே அடுக்கித் தரும் நிரலை டைனமோவைப் போலவே கட்டங்களை இணைத்து நிரல் கட்டும் இன்னொரு கருவியான கிராஸ்ஹாப்பரில் மூன்று வாரம் கட்டினோம். தூண் இடைவெளி ஒரே சீராக இருக்கும்வரை அருமையாக வேலை செய்தது. அடுத்த கட்டடத்தில் தூண்கள் சாய்வாக வந்தன. எழுதியவரும் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவர் விட்டுச் சென்ற கம்பிக் காட்டுக்குள் நுழைய ஒருவருக்கும் துணிவில்லை. கிராஸ்ஹாப்பரைக் குறை சொல்லமாட்டேன். வளைந்த முகப்பு ஒன்றின் 1,860 தகடுகளைப் பதினான்கு அளவுகளுக்குள் அடக்கித் தந்தது அதுதான். கையால் அது நடந்தேயிருக்காது. ஆனால் அது ஒரு கட்டடத்துக்கான கருவி. அன்றாட வேலைக்கு அன்றாடம் புரிகிற நிரல் வேண்டும்.

வாங்கும்போதோ கற்கும்போதோ எவரும் சொல்லாத செலவு, பராமரிப்பு. ஆண்டுக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது. புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழையதில் திறக்க முடியாது. ஆகவே நடந்துகொண்டிருக்கும் திட்டங்கள் பழைய பதிப்பிலும் புதியவை புதிய பதிப்பிலும் ஓடும், நிரல்கள் இரண்டுக்கும் ஈடுகொடுக்க வேண்டும். ரெவிட் 2022 பதிப்பில் அலகுகளைக் குறிக்கும் பழைய முறை நீக்கப்பட்டது. 2024 பதிப்பில் பொருள்களின் அடையாள எண் 64 பிட் ஆனது. 2025 பதிப்பில் ரெவிட் இயங்கும் மென்பொருள் அடித்தளமே டாட்நெட் 8-க்கு மாறியது. இடையில் டைனமோவின் பைதான் 2-லிருந்து 3-க்குத் தாவியது. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று நின்றது. நாற்பதை ஒன்பதாகக் குறைத்ததில் பாதிப் பங்கு இந்தப் பராமரிப்புக்குத்தான். இப்போது ஒவ்வொரு நிரலுக்கும் இரண்டு பேர் பொறுப்பு; ஒருவர் எழுதியவர், மற்றவர் கட்டாயம் எழுதாதவர்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டுப் பைதான் எழுதுவதும் அண்மைக்காலத்தில் வழக்கமாகிவிட்டது. தொடக்கத்துக்கு நன்றாகவே உதவுகிறது. ரெவிட்டில் இல்லாத கட்டளைகளை இருப்பதுபோல் எழுதிக் கொடுக்கவும் செய்கிறது. எவர் எழுதினாலும் முதல் பொத்தான், இரண்டாவது பொத்தான் என்ற விதி மாறாது.

எனக்கு உண்மையான கவலை ஒன்று உண்டு. கதவு கதவாகச் சொடுக்கிய அந்த இரண்டு நாட்களில் நாங்கள் எண்களை மட்டும் மாற்றவில்லை. 'இந்தக் கதவு திறந்தால் கட்டிலில் இடிக்கிறதே', 'சக்கர நாற்காலி திரும்ப இங்கே இடமில்லையே' என்று அந்தச் சலிப்பான வேலையின் நடுவில்தான் கண்ணில் பட்டன. இளையவர்கள் கட்டடத்தை மனப்பாடம் செய்ததும் அப்படித்தான். நிரல் வந்த இரண்டாம் ஆண்டில், ஒரு திட்டத்தில் ஆறு மாதம் இருந்த ஒருவருக்கு மருந்தகம் எந்தத் தளத்தில் என்று சொல்லத் தெரியவில்லை. தவறு அவருடையதல்ல, கட்டடத்துக்குள் நடக்கும் வாய்ப்பை நாங்கள்தான் பறித்திருந்தோம். இப்போது மிச்சமான நேரத்திலிருந்து வாரம் ஒரு மணி நேரத்தை எடுத்து, தாள்களை அச்சிட்டு மேசையில் விரித்து, ஒரு நோயாளியாக, ஒரு செவிலியராக, துப்புரவுப் பணியாளராக நுழைவாயிலிலிருந்து நடந்து பார்க்கிறோம். பென்சில் இளையவரின் கையில் இருக்கும்.

அளவுக் கோடுகளை மட்டும் இன்னும் கையால் போடுகிறோம். மூன்று முறை நிரல் எழுதிப் பார்த்தோம். மூன்றுமே எல்லாவற்றுக்கும் அளவு போட்டன. கொத்தனாருக்கு எந்த முனையிலிருந்து அளந்தால் வேலை எளிது, எந்த அளவைச் சொல்லாமல் விட்டால் பிழை அந்த இடத்தில் ஒதுங்கிக்கொள்ளும் என்பதைத் தீர்மானிப்பவர் வரைகிறவர்தான். நான்காம் முறை முயலும் எண்ணம் இப்போதைக்கு இல்லை.