பழைய மாருதி 800: ஆயில் லீக்க வீட்லயே நிறுத்தினதும், வாங்கலாமான்னு கேட்டவனுக்கு என் பதிலும்

கருங்கல் ஊரு பக்கத்துல ஒரு 99 மாடல் மாருதி 800 நல்ல வெலைக்கு வருது, எடுக்கலாமான்னு கூட்டாளி ஒருத்தன் கேட்டான். வேண்டாம்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டேன். "அப்ப நீ மட்டும் ஏன் மக்கா வச்சிருக்க"ன்னு திருப்பிக் கேட்டான் பாருங்க, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுத வேண்டியதாப் போச்சு. 796 சிசி, மூணு சிலிண்டர், நாலு கியர், கார்புரேட்டர், பவர் ஸ்டியரிங் கெடையாது, இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். மைலேஜ் எவ்வளவுன்னும் கேக்காதீங்க. எனக்கு பேச வேண்டியது ஆயில் லீக் பத்தி மட்டும்தான், மனுசன அவ்வளவு பாடு படுத்தியிருக்கு அது.

வண்டி மாமா கையில இருந்து வந்தது, வரும்போது அடி காஞ்சுதான் இருந்துச்சு. அப்புறம் போர்ட்டிகோ தரையில காலைல ஒரு சொட்டு, சரி போட்டும்னு விட்டா ரெண்டு மூணு சொட்டாச்சு, அதுவும் கரெக்டா வீட்ல புதுசா டைல்ஸ் ஒட்டின நேரம். வீட்டுக்காரி அத பத்தி சொன்னதெல்லாம் இங்க எழுத முடியாது. கார்ட்போர்டு விரிச்சேன், மழை சாரல்ல அது ஊறி ஆயில டைல்ஸ் முழுக்க இழுத்து விட்டுச்சு. சொட்டுறதக் கூட பொறுத்துக்கலாம், நாத்தம்தான் முடியல. பார்வதிபுரம் பாலத்துக்கு அடியில டிராஃபிக்ல நிப்பாட்டினா போதும், சூடான எக்ஸாஸ்ட் மேல ஆயில் விழுந்து கருகுற நாத்தம் வென்ட் வழியா உள்ள வரும், பின்னாடி உக்காந்திருக்க பிள்ளைங்க மூக்கப் பொத்திக்கிட்டு "அப்பா காரு கரியுது"ன்னு ஆரம்பிச்சிரும்.

ஒர்க்‌ஷாப்புக்கு கொண்டு போனேன், எந்த ஒர்க்‌ஷாப்புன்னு வேண்டாம் விடுங்க. டேப்பட் கவர், அதாவது எஞ்சினோட மேல்மூடி, அதுக்கு அடியில வர்ற ரப்பர் பேக்கிங் போயிருச்சுன்னு சொல்லி புதுசு மாத்தினாங்க, மாத்தினதோட நிக்காம கருப்பு சிலிக்கான அள்ளி சுத்தி அப்பி விட்டாங்க. கொஞ்ச நாள் நின்னுச்சு, திரும்ப ஆரம்பிச்சிருச்சு. மறுபடி போனா கதை மாறிப்போச்சு, இப்ப எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ற எடத்துல இருக்க கிராங்க் பின்பக்க ஆயில் சீல் போயிருக்கு, கியர்பாக்ஸ இறக்கணும், இறக்கினா கிளச்சும் சேத்து மாத்திரலாம்னு பெரிய தொகை ஒண்ணு சொன்னாங்க. நான் யோசிக்கிறத பாத்துட்டு "பழைய வண்டி அண்ணே, ஒழுகத்தான் செய்யும்"னு ஒரு ஆறுதல் வேற. எனக்கு பத்திக்கிட்டு வந்துச்சு. பழசுன்னா ரப்பர் சூட்டுல காஞ்சு கெட்டியாகும், அது சரி, அதுக்கு வண்டியையோ கம்பெனியையோ குத்தம் சொல்ல முடியாது. ஆனா புதுசா போட்ட பேக்கிங்கும் ஒழுகுதுன்னா அதுக்கு பழசுன்னு காரணம் சொன்னா எப்படி?

ஒரு விஷயம் மட்டும் மண்டையில ஓடிக்கிட்டே இருந்துச்சு. நாகர்கோவில், தக்கலைன்னு உள்ளூர்ல சுத்தினா லீக் கம்மி. திருநெல்வேலி போயிட்டு வந்தா மறுநாள் தரையில குளம். ஆரல்வாய்மொழி தாண்டும்போது ஆடி மாச காத்து அடிச்சா முக்கால் டன் கூட எடை இல்லாத இந்த வண்டி ஒரு ஆட்டம் ஆடும், முப்பந்தல்ல கரண்டு எடுக்கற காத்தாடிக்கு நடுவுல 800 ஓட்டினவனுக்கு அது தெரியும், முதல்ல அந்த காத்துதான் ஆயில அடியில பரத்தி விடுதுன்னு கூட நெனச்சேன். ஆனா காத்தே இல்லாத மாசத்துலயும் அதே கணக்குதான். சும்மா சீல் தேஞ்சதுன்னா நாலு வழிச்சாலையில ஒரே சீரா மிதிக்கும்போது மட்டும் ஏன் இப்படி கூடுது? உள்ள ஏதோ அமுக்கம் சேந்து வெளிய தள்ளுதுன்னு தோணிச்சு.

கியர்பாக்ஸ இறக்க காசு குடுக்கறதுக்கு முன்ன லீக் எங்கன்னு உறுதியா தெரியணும். இதுல ஒண்ணு சொல்றேன், ஈரம் எங்க சொட்டுதோ அங்கதான் லீக்குன்னு நெனைக்கவே கூடாது, ஆயில் மேல ஒரு இடத்துல கசிஞ்சு, எஞ்சின் ஒடம்பு வழியா இறங்கி, ஓடும்போது பின்பக்கமா பரவி, எங்கயோ கீழ தாழ்வான இடத்துல வந்து சொட்டும். எஞ்சின் ஆறினதும் பழைய பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் வச்சு மேல இருந்து கீழ வரைக்கும் கழுவினேன், பிளக்குக்கு கரண்டு பிரிச்சு விடுற டிஸ்ட்ரிபியூட்டர் மேல பாலித்தீன் கவர் கட்டிட்டுத்தான், இல்லன்னா அப்புறம் ஸ்டார்ட் ஆகாம அது ஒரு தனி கதையாயிரும். நல்லா காஞ்சு மண்ணெண்ணெய் வாடை போனதுக்கு அப்புறம் குட்டிக்கூரா பவுடர எடுத்து டேப்பட் கவர் ஓரம், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம், அடியில ஆயில் தேங்குற சம்ப் ஓரம்னு எல்லாத்துலயும் தூவினேன். வீட்டுக்காரி பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, அந்தால உள்ள போயிட்டா. ஒரு ஓட்டம் ஓட்டிட்டு வந்து டார்ச் அடிச்சா வெள்ளை பவுடர்ல கருப்பு கோடு தெளிவா தெரியுது. டேப்பட் கவரோட பின் மூலையில, அதாவது டிஸ்ட்ரிபியூட்டர் இருக்க பக்கம் ஆரம்பிச்சு, நேரா கியர்பாக்ஸ் சேர்ற இடத்துல இறங்குது. ஒர்க்‌ஷாப்ல அடியில நின்னு அண்ணாந்து பாத்தா அந்த எடம் நனைஞ்சு கெடக்கும், பின்பக்க சீல்னு சொல்லத்தான் தோணும். மேல எட்டிப் பாக்க யாருக்கும் நேரமில்ல.

கவர கழட்டினதும்தான் விஷயம் புரிஞ்சுது. எந்த எஞ்சினா இருந்தாலும் எரியிற வாயு கொஞ்சம் பிஸ்டன் ரிங்க தாண்டி கீழ இறங்கத்தான் செய்யும், பழைய எஞ்சின்ல இன்னும் கூட. அது வெளிய போகத்தான் டேப்பட் கவர்ல இருந்து ஏர் ஃபில்டர் பெட்டிக்கு ஒரு ப்ரீதர் ஹோஸ் இருக்கு. அந்த ஹோஸுக்குள்ள சக்க வரட்டி (பலாப்பழத்த கிண்டி எடுக்கறது) மாதிரி கெட்டியா கருப்பா அடைச்சுக் கெடக்கு, கவரோட உள்பக்கமும் அதே கதை, ஒரு பக்கம் வாய வச்சு ஊதினா அடுத்த பக்கம் காத்தே வரல. வாயு போக வழியில்ல, வேகமா ஓட்டும்போது இன்னும் நெறைய சேரும், எந்த ஜாயின்ட் லேசா இருக்கோ அது வழியா ஆயிலையும் தள்ளிக்கிட்டு வெளிய வரும். திருநெல்வேலி கணக்கு இதுதான். இதுல பேக்கிங்க எத்தன தடவ மாத்தினா என்ன, சிலிக்கான எவ்வளவு அப்பினா என்ன? நம்ம ஊர்ல வருசத்துல ரெண்டு பருவமழை, எப்பவும் ஈரக்காத்து, நான் ஓட்டுறதோ பாதி நாள் கடை வரைக்கும் பள்ளிக்கூடம் வரைக்கும், எஞ்சின் முழுசா சூடாகுறதுக்குள்ள நிப்பாட்டினா உள்ள சேர்ற தண்ணி ஆவியா போகாம ஆயிலோட கலந்து இந்த மாதிரி அழுக்காகும். பேக்கிங் மாத்த கவர கழட்டினவங்க அந்த ஹோஸ ஒரு தடவ ஊதிப் பாத்திருந்தா என் டைல்ஸ் தப்பிச்சிருக்கும்.

சிலிக்கான பத்தியும் சொல்லியாகணும். அளவா போட்டா நல்ல சாமான்தான், மூலை முடுக்குல ஒரு சின்ன கோடு போதும். அப்பினா வெளிய பிதுங்குற அளவு உள்ளயும் பிதுங்கும், அந்த துணுக்கு பிஞ்சு ஆயில்ல விழுந்து சம்ப்ல இருக்க சல்லடைய அடைச்சா ஆயில் மேல ஏறாது, எஞ்சினே போயிரும். என் கவர்ல இருந்து உரிச்சு எடுத்த சிலிக்கான் கைப்பிடி அளவு இருந்துச்சு. ஹெட் அலுமினியம், ஸ்குரூடிரைவர் வச்சு சுரண்டினா கோடு விழுந்து அதுவே அடுத்த லீக் ஆயிரும், காலாவதியான ஏடிஎம் கார்டு வச்சு பைய சுரண்டினேன், உள்ள எதுவும் விழாம துணி அடைச்சுக்கிட்டு.

ஹோஸையும் கவரையும் மண்ணெண்ணெயில ஊறப்போட்டேன். கவர் சுத்தமானாலும் ஹோஸ் உள்ள ரப்பரே உரிஞ்சு வந்துச்சு, அதனால புதுசு வாங்கினேன், ஆயில் தாங்குற ஹோஸ்தான் கேட்டு வாங்கணும், தண்ணி ஹோஸ் வெல கம்மின்னு மாட்டினா உப்பி இளகி சப்பிப் போயிரும், திரும்ப அடைப்புதான். கவர கண்ணாடி மேல கவுத்து வச்சு வளைஞ்சிருக்கான்னு பாத்தேன், நல்லவேளை இல்ல. கம்பெனி பாக்கெட்ல வர்ற பேக்கிங், போல்ட்டுக்கு அடியில வர்ற ரப்பர் வாஷர் உட்பட எல்லாம் நாகர்கோவில்லயே கெடைச்சுது. வண்டி தயாரிப்பு 2014ல நின்னாலும் இதே எஞ்சின் ஆம்னியில 2019 வரைக்கும் ஓடிச்சு, நம்ம மாவட்டத்துல ஆம்னி இல்லாத தெரு இருக்கா, ஸ்பேர்ஸுக்கு பஞ்சமே கெடையாது, இந்த ஒரு விஷயத்துக்கு வண்டிக்கு முழு மார்க் குடுக்கலாம். மாட்டும்போது சின்ன ஸ்பேனர், மணிக்கட்டு பலம் அவ்வளவுதான், நடுவுல இருந்து குறுக்கும் நெடுக்குமா கொஞ்சம் கொஞ்சமா. லீக் நிக்கணும்னு வெறியில முறுக்கினா ரப்பர் நசுங்கி வெளிய வந்துரும், இல்லன்னா அலுமினியத்துல மரை பிஞ்சிரும். மொத்த செலவு ஆயிரத்துக்குள்ள முடிஞ்சுது, ஒர்க்‌ஷாப்ல சொன்ன தொகைய நெனச்சா இப்பவும் எரியுது.

அதுக்கு அப்புறம் ரெண்டு மழைக்காலம் போயிருச்சு. திருநெல்வேலி போயிட்டு வந்தாலும் தரை காஞ்சு கெடக்கு. ஆயில் மாத்துறதுக்கு நடுவுல டாப்‌அப் பண்ற பழக்கமே போயிருச்சு, டிப் ஸ்டிக்க உருவிப் பாத்தா மேல் கோட்டுக்கு கொஞ்சம் கீழதான் நிக்குது. நான் எதிர்பாக்காதது என்னன்னா ஐடிலிங் கூட முன்ன விட நிதானமா இருக்கு, சிக்னல்ல நின்னா ஓடுதா நின்னுச்சான்னு சந்தேகம் வருது. இதனால தானான்னு சத்தியம் பண்ண மாட்டேன், கழட்டினதோட டேப்பட்டும் செட் பண்ணினேன்ல, அதாவது வால்வு இடைவெளி. ஆனா ராத்திரி ஒன்பது மணிக்கு காலியான ரோட்ல தக்கலையில இருந்து வீட்டுக்கு ஓட்டிட்டு வர்ற அந்த சொகம் இருக்கே, இப்ப உள்ள பெரிய வண்டியில எனக்கு அது கெடைக்கல.

வீட்ல பண்றவங்களுக்கு ஒண்ணு. அடியில பாக்கணும்னா ஜாக்கிய மட்டும் நம்பி கீழ நுழையாதீங்க, ஸ்டாண்டு வைங்க, ஸ்டாண்டு இல்லன்னா நுழையவே வேண்டாம், இந்த வேல முழுக்க மேல நின்னே பண்ணலாம். பழைய ஆயில ஓடையிலயோ தென்னை மூட்டுலயோ ஊத்தாதீங்க, கேன்ல புடிச்சு வைங்க, கரி ஆயில் வேணும்னு யாராவது வருவாங்க. எங்க பக்கத்து வீட்டு சித்தப்பா மரச்சட்டத்துல கரையான் ஏறாம அடிக்கன்னு மொத்தமா வாங்கிட்டுப் போயிட்டாரு. லீக் நின்னதுல வருத்தப்பட்ட ஒரே ஆளு அவருதான்.

இப்ப கூட்டாளி கேட்டதுக்கு. பாக்கப் போனா எஞ்சின் ஆறிக் கெடக்கும்போது போ, நீ வர்றதுக்கு முன்னயே ஸ்டார்ட் பண்ணி வச்சிருந்தா சந்தேகப்படு. எஞ்சின் பளபளன்னு கழுவி வச்சிருந்தாலும் சந்தேகப்படு, லீக்க மறைக்க அதவிட சுலபமான வழி கெடையாது. ஓடவிட்டு சூடானதும் ஆயில் ஊத்துற மூடிய கழட்டிப் பாரு, லேசா ஆவி வந்தா பரவால்ல, குபுகுபுன்னு தள்ளிச்சுன்னா முதல்ல ப்ரீதர பாரு, ப்ரீதர் சுத்தமா இருந்தும் தள்ளினா ரிங் போச்சு, அந்தால வந்துரு. இதெல்லாம் நல்லா இருந்தாலும் எடுக்காதேன்னுதான் சொல்லுவேன். ஏர்பேக் கெடையாது, நாலு வழிச்சாலையில டாரஸ் லாரி பக்கத்துல போனா நமக்கு சாமி பேரு ஞாபகம் வரும், 20 வருசம் தாண்டின காருக்கு ஆர்சி ரினியூவல் ஃபீஸ் வேற 2025 ஆகஸ்ட்ல 5,000ல இருந்து 10,000 ஆக்கிட்டாங்க. எனக்கு இதெல்லாம் தெரியும், தெரிஞ்சுதான் வச்சிருக்கேன், என் வண்டிய கேட்டா குடுக்கவும் மாட்டேன், நியாயம் பேசாத.

இன்னும் முழுசா முடியல. டிஸ்ட்ரிபியூட்டர் அடியில ஒரு ஓ-ரிங் இருக்கு, அந்த எடத்துல லேசா வேர்வை மாதிரி ஒரு ஈரம் இப்ப புதுசா தெரியுது, சொட்டல, தொட்டா மட்டும் கையில ஒட்டுது. ரிங் வாங்கி வச்சாச்சு. கழட்டுறதுக்கு முன்ன டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள சுத்துற ரோட்டர் எந்தப் பக்கம் பாத்து நிக்குதுன்னும் பாடி உக்காந்த இடத்தையும் மார்க் பண்ணிக்கணும், இல்லன்னா பிளக்ல பொறி விழற டைமிங் போயிரும். மழை விட்ட ஒரு ஞாயித்துக்கிழமை பாத்து கைய வைக்கணும், அந்த சவம் அதுக்குள்ள சொட்ட ஆரம்பிச்சுதுன்னா கண்டிப்பா வித்துருவேன், கருங்கல்காரனுக்கே.