பெரிய எழுத்து வேதாகமம், ஜிப் உறையுடன்

அம்மா இறந்தபின் ஜெபிப்பதையே விட்டிருந்தேன். சபையில் பாட்டுக்கு வாய் அசையும், அவ்வளவுதான். அக்கா வற்புறுத்தியதால் இதை வாங்கினேன்.

எழுத்து நன்றாகப் பெரியது. இரவில் கண்ணாடி இல்லாமலே படிக்க முடிகிறது. தாள் மெல்லியது, பேனா மை ஊறும். கோடு போட பென்சில்தான் சரி. தாள் ஓரத்தில் விரல் வைத்துத் திறக்க வெட்டு இருப்பதால், வேதாகமத்துக்குள் இருக்கும் ஓசியா மாதிரி சின்னப் புத்தகத்தையும் உடனே பிடித்துவிடலாம். ஜிப் மட்டும் மூலையில் சிக்குகிறது.

நான் அதிகம் திறந்தது 88-ம் சங்கீதம், வேதத்தில் உள்ள ஜெபப் பாடல்களில் ஒன்று. மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் நம்பிக்கையில் முடியும்; இது இருளிலேயே முடிகிறது. ஆனாலும் பாடியவன் தேவனிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறான். கோபத்தோடு இருப்பவனுக்கும் வேதத்தில் இடம் உண்டு என்று அங்கேதான் கண்டேன். அப்புறம் யோவான் சுவிசேஷம் 21-ம் அதிகாரம். தன்னைத் தெரியாது என்று மறுதலித்துவிட்டுப் போன சீடன் பேதுருவுக்கும் சேர்த்து, கரையில் கரிநெருப்பில் மீன் வைத்து, சாப்பிட வரச் சொல்கிறார் இயேசு. சாப்பிட்ட பிறகுதான் அன்பைப் பற்றிக் கேட்கிறார்.

விசுவாசம் முழுதாகத் திரும்பிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஜெபிக்கிறேன், சில நாள் அது சண்டைதான்.

எடை அதிகம், ஆலயத்துக்குத் தூக்கிப் போகக் கஷ்டம். வீட்டில் வைத்துப் படிக்க, முக்கியமாக வயதானவர்களுக்கு, தாராளமாக வாங்கலாம்.