குமரியில் பழைய பிரிட்டிஷ் கார்களின் ஐப்பசிப் பயணங்கள்

நாகர்கோவிலில் இயங்கிவரும் பழைய பிரிட்டிஷ் கார் கழகம், ஆயுத பூஜை முடிந்த கையோடு தொடங்கிக் கார்த்திகை பிறப்பதற்குள் முடித்துக்கொள்ளும் ஞாயிற்றுக்கிழமைப் பயணங்களுக்கு ஒரு விதி உண்டு. அன்றைக்கு வந்திருக்கும் கார்களில் எது மிகப் பழையதோ அதுவே முன்னால் போகும். மற்றவை எத்தனை வலிமையான எஞ்சின் கொண்டவையாக இருந்தாலும் அதன் வேகத்துக்கே பின்தொடர வேண்டும். ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்றை வைத்துக்கொண்டு இக்கழகத்தில் உறுப்பினராக இருப்பவன் என்ற முறையில் என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய காரை வீட்டு முற்றத்தில் உறை போட்டு மூடி வைத்திருப்பவருக்கு நம் மாவட்டத்தில் இதைவிடப் பயனுள்ள இடம் வேறில்லை. அப்பயன் முழுவதும் அந்த ஒரு விதியிலிருந்தே பிறக்கிறது.

பிரிட்டிஷ் கார் என்றதும் ஜாகுவாரையும் பென்ட்லியையும் எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இது ஏற்ற இடமன்று. இங்கே வருபவை யாவும் ஒரு காலத்தில் நம் வீதிகளில் மருத்துவர்களையும் வழக்கறிஞர்களையும் தோட்ட அதிகாரிகளையும் சுமந்து திரிந்த வண்டிகள்தாம். 1948-இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் பாகங்களைப் பூட்டி விற்ற ஆஸ்டின் ஏ40, மோரிஸ் ஆக்ஸ்போர்டை அடியொற்றி இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த லேண்ட்மாஸ்டர், 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, கப்பலில் வந்திறங்கிய மோரிஸ் மைனர், ரப்பர்த் தோட்டங்களில் உழைத்துத் தேய்ந்த லேண்ட் ரோவர் ஆகியவற்றை ஒரே வரிசையில் காணலாம். அம்பாசிடரைச் சேர்க்கலாமா என்பது பற்றிக் கழகத்துக்குள் நெடுநாள் வாக்குவாதம் இருந்தது. 2014 வரை நம் நாட்டில் உற்பத்தியான காரை எப்படிப் பிரிட்டிஷ் கார் என்பது என்று சிலர் கேட்டார்கள். அதன் வடிவமைப்பு மோரிஸ் ஆக்ஸ்போர்டின் மூன்றாம் வரிசையிலிருந்து வந்தது என்பதால் பழைய மாதிரிகளைச் சேர்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. சரியான முடிவு என்றே கருதுகிறேன். அம்பாசிடர்கள் இல்லாவிட்டால் உதவிக்கு ஆளின்றி நடுவழியில் நின்றுபோகும் கார்கள் பலவாக இருந்திருக்கும்.

பருவத்தைத் தேர்ந்தெடுத்த விதமும் பாராட்டத்தக்கது. பிரிட்டனில் இத்தகைய கழகங்கள் செப்டம்பரிலும் அக்டோபரிலும் பயணங்களை வைப்பதற்குக் காரணம், குளிர்காலம் வந்துவிட்டால் உறைபனியைக் கரைக்கச் சாலைகளில் உப்பைத் தூவுவார்கள், அந்த உப்பு பழைய இரும்பை அரித்துத் தின்றுவிடும் என்பதுதான். ஆகவே இலையுதிர் காலத்தில் ஓட்டி முடித்துவிட்டு வசந்தம் வரை காரைக் கொட்டகையில் அடைத்துவிடுகிறவர்கள் பலர். 1905-க்கு முன் கட்டப்பட்ட வண்டிகள் மட்டும் கலந்துகொள்ளும் லண்டன் – பிரைட்டன் ஓட்டம் நவம்பரில் நடப்பதற்கு வேறு காரணம் உண்டு. மோட்டார் வண்டிகளின் வேக வரம்பைத் தளர்த்திய சட்டத்தைக் கொண்டாடி 1896 நவம்பர் 14 அன்று நடந்த பயணத்தின் நினைவாகவே அது நடத்தப்படுகிறது. நமக்கோ பனியும் இல்லை, இலையுதிர்வும் அப்போது இல்லை; ரப்பர் மரங்கள்கூட மார்கழியையொட்டித்தான் இலை உதிர்க்கும். ஆனால் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, வடகிழக்குப் பருவமழை முழு வீச்சில் இறங்குவதற்கு முன் குமரி மாவட்டத்தில் வெயில் தணிந்த ஓர் இடைவெளி கிடைக்கிறது. எஞ்சின் சூடாவதே பெருங்கவலையாக இருக்கும் பழைய கார்களுக்கு இதைவிட நல்ல பருவம் வேறில்லை. ஐப்பசி மழை பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு வரும் என்பதால், விடிவதற்குள் புறப்பட்டு மதியச் சாப்பாட்டுக்குள் ஊர் திரும்பிவிட வேண்டும் என்பது கழகத்தின் வழக்கம்.

வழித்தடங்களில் என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது பூதப்பாண்டி, திட்டுவிளை, தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறைக்குச் செல்லும் பாதை. நகரைத் தாண்டியதும் இருபுறமும் கும்பப்பூ எனும் இரண்டாம் போக நெல் நடவு முடிந்த வயல்கள் தண்ணீரும் நாற்றுமாக விரிந்து கிடக்கும். மலையடிவாரத்தை நெருங்கியதும் அவை மறைந்து ரப்பர்த் தோட்டங்கள் தொடங்கிவிடும். பால் வெட்டும் இடத்தில் மழைநீர் இறங்காமலிருக்க ஒவ்வொரு மரத்திலும் பாவாடைபோல் பிளாஸ்டிக் தாள் கட்டியிருப்பார்கள். இப்பாதையில் ஏற்றம் உண்டு, வளைவும் உண்டு, ஆனால் நெரிசல் இல்லை. சென்ற ஆண்டு முன்னால் போன மோரிஸ் மைனர், இன்றைய மினுக்கும் விளக்குகள் வருவதற்கு முந்தைய மாதிரி. திருப்பம் வரும்போதெல்லாம் கதவுத் தூணிலிருந்து ஒரு சிறு கை வெளியே எழுந்து, உள்ளே மஞ்சள் விளக்கு எரிய, கார் திரும்பியதும் மடங்கி உள்ளே போய்விடும். அந்தக் கை எழுவதைக் கண்டதும் பின்னால் வரும் ஒவ்வொருவரும் கியரைக் குறைப்பதும், அச்செய்கை வரிசை நெடுகிலும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிச் செல்வதும் ஓட்டிப் பார்த்தவர்களுக்கே தெரியும் இன்பம். மைனரின் ஸ்டியரிங் பல்சட்ட (ரேக் அண்ட் பினியன்) அமைப்புடையது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948-இல் வெளிவந்த இந்தக் கார் மலை வளைவுகளில் எவ்வளவு துல்லியமாகத் திரும்புகிறது என்பதைப் பின்னால் இருந்து பார்த்தாலே விளங்கும்.

பயணத்தை நடத்தும் முறையில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஒவ்வொரு சந்திப்பிலும் வரிசையில் இரண்டாவதாக வரும் கார் ஓரமாக நின்று, கடைசிக் கார் வரும் வரை வழிகாட்டிவிட்டுப் பிறகு சேர்ந்துகொள்கிறது. இதனால் கைப்பேசித் தொடர்பு கிடைக்காத மலைப்பகுதியிலும் யாரும் வழி தவறுவதில்லை. கடைசியாக வரும் அம்பாசிடரில் தண்ணீர்க் கேன்கள், விசிறிப் பட்டைகள், எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் அமைப்பின் பாகங்களான காயில், கண்டென்சர், பிளாட்டினம் பாயின்ட், அங்குல அளவு ஸ்பேனர்கள் ஆகியவற்றோடு, இக்கார்களில் கைபழகிய மெக்கானிக் அண்ணாச்சி ஒருவரும் இருப்பார். இப்போதைய பட்டறைகளில் மில்லிமீட்டர் ஸ்பேனர்கள்தாம் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு பிரிட்டிஷ் போல்ட்டைத் திருகினால் தலை வழுக்கிப் போய்விடும் என்பதை இக்கார்களை வைத்திருப்பவர்கள் எல்லாரும் அறிவார்கள். ஏற்றத்துக்கு முன்னும் பின்னும் நிறுத்தி, வெப்பமானியைப் பார்த்த பிறகே அடுத்த கட்டத்துக்குப் புறப்படுகிறார்கள். நின்ற இடத்தில் ரேடியேட்டர் மூடியை உடனே திறக்கத் துடிக்கும் இளைஞர்களை அண்ணாச்சி கையைப் பிடித்துத் தடுப்பதையும் பார்த்திருக்கிறேன்.

மேற்குப் பகுதிப் பயணத்தைப் பற்றி இதே மகிழ்ச்சியோடு எழுத இயலவில்லை. பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்துவிட்டு, பரளியாற்றின் குறுக்கே 115 அடி உயரத்தில் நிற்கும் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குச் சென்று, திற்பரப்பு வழியாகத் திரும்புவதாகத் திட்டம். இடங்கள் அருமையானவை, ஆனால் நாகர்கோவிலிலிருந்து தக்கலை வரை தேசிய நெடுஞ்சாலையைப் பயன்படுத்துவதுதான் சிக்கல். கனிமங்களை ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் போகும் பார லாரிகளுக்கு நடுவே, டிரம் பிரேக் மட்டுமே கொண்ட ஆஸ்டினை ஓட்டுவது எந்த வகையிலும் இன்பமாகாது. நெரிசலில் நின்று நின்று போகும்போது பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி எஞ்சின் அடங்கிவிடுகிறது. சென்ற முறை ஒரு லேண்ட்மாஸ்டர் அவ்வாறு நின்றபோது, முதிய உரிமையாளர் சாலை நடுவில் தனியே நின்று தவித்தது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. உட்சாலைகள் வழியாகத் தக்கலையை அடையும் வேறு பாதையைத் தேர்ந்தெடுக்காமல், எல்லாருக்கும் தெரிந்த சாலை என்பதற்காகவே நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டிருப்பதை நிர்வாகிகள் மாற்ற வேண்டும். மிகப் பழைய காருக்கு ஏற்ற வேகம் என்ற விதியை வகுத்தவர்கள், மிகப் பழைய காருக்கு ஏற்ற சாலை என்பதையும் அதே அக்கறையோடு பார்க்கலாம்.

முட்டம் பயணத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். கலங்கரை விளக்கத்தின் அருகே கார்களை வரிசையாக நிறுத்திப் படமெடுக்க எல்லாருக்கும் ஆசை. ஆனால் கழகம் அங்கே நெடுநேரம் நிற்க விடுவதில்லை. பிரிட்டனில் சாலையில் தூவப்படும் உப்பு நமக்குக் கடற்காற்றிலேயே வந்துவிடுகிறது. ஊர் திரும்பியதும் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் பீய்ச்சிக் கழுவிய பிறகே வீட்டுக்குப் போக வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறார்கள். ஹெரால்டின் அடிச்சட்டத்தில் பக்கவாட்டாக நீளும் கைகள் உள்ளிருந்தே துருப்பிடிப்பவை என்பதால், இந்தக் கண்டிப்புக்கு நான் நன்றியுடையவன்.

இனி மாலைக் கூட்டங்களுக்கு வருகிறேன். சந்தாவாகக் கட்டும் பணத்துக்கு இவை மட்டுமே போதும் என்பது என் கருத்து. பயணம் முடிந்த வாரத்தில் ஓர் உறுப்பினரின் வீட்டு முற்றத்திலோ கொட்டகையிலோ கூடுகிறார்கள். சுக்கு காபியும் ரசவடையும் இருக்கும், ஐப்பசி மழை கொட்டகைத் தகரத்தில் விழுந்துகொண்டிருக்கும். யாருடைய காரில் என்ன கோளாறு என்பதை எல்லார் முன்னிலையிலும் வைத்துப் பேசுவார்கள். ஒரு கூட்டத்தில் ஹெரால்டின் முன்சக்கரத் தாங்கல் பற்றிய பேச்சு வந்தது. அதன் கீழ்ப்பகுதியில் டிரனியன் என்ற வெண்கலக் கட்டை ஒன்று இருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் மரையிட்ட முனை அதற்குள்ளேயே திரும்புகிறது. பட்டறைகளில் மற்ற இடங்களுக்கெல்லாம் கிரீஸ் அடிக்கும்போது இதற்கும் சேர்த்து அடித்துவிடுவது வழக்கம். கிரீஸ் உள்ளே இறங்காமல் இறுகிப்போக, மரைக்குள் நீர் புகுந்து தண்டு அரித்து, ஒருநாள் திருப்பத்தில் சக்கரம் ஒடிந்து சாய்ந்துவிடும். அண்ணாச்சி என் காரின் கீழே குனிந்து உட்கார்ந்து, பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவனிடம், "கிரீஸ் அடிச்சிராத மக்களே, இதுக்கு கியர் எண்ணெய்தான் விடணும்" என்று சொல்லி, கையால் இயக்கும் பம்பைக் கொடுத்து அவனையே விடச் செய்தார். மேல்விளிம்பில் பழைய எண்ணெய் கறுத்துக் கசிந்து, பிறகு தெளிந்த எண்ணெய் வரும் வரை விட வேண்டும் என்று காட்டினார். எத்தனையோ ஹெரால்டுகளின் ஆயுள் இந்த ஒரு செய்தியில் அடங்கியிருக்கிறது.

மற்றொரு மாலையில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் மைனரின் எஸ்.யு. கார்புரேட்டரை ஒருவர் விளக்கினார். உள்ளே உள்ள பிஸ்டனை விரலால் உயர்த்தி விட்டால் அது தடையின்றி இறங்கி 'டக்' என்று ஒலியெழுப்ப வேண்டும். ஒலி கேட்காவிட்டால் உட்புறத்தைத் துடைக்க வேண்டும், கலவையைச் சரிசெய்யும் நட்டைத் திருகிப் பயனில்லை என்றார். பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பு வந்ததிலிருந்து பழைய ரப்பர்க் குழாய்கள் ஊறி வெடிப்பதும், எத்தனால் ஈரத்தை இழுப்பதால் நெடுநாள் ஓடாத காரின் டேங்கில் துரு ஏறுவதும் எல்லாருடைய கவலையாக இருக்கிறது. குழாய்களை மாற்றுவதையும், டேங்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் தேக்காமல் ஓட்டித் தீர்ப்பதையும் கழகம் வற்புறுத்துகிறது. மைனரில் பேட்டரியின் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும் என்பதை அறியாமல் சார்ஜரை முனை மாற்றி இணைத்துவிடும் ஆபத்தைத் தவிர்க்க, பேட்டரிப் பெட்டியின் மேல் தமிழில் எழுதி ஒட்டிவைக்கும் வழக்கத்தையும் இவர்களே கொண்டுவந்தார்கள்.

ஆவணங்களில் உதவுவதையும் குறிப்பிட வேண்டும். 50 ஆண்டுகளைக் கடந்த, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத வண்டிகளுக்கு 2021-இல் நடுவண் அரசு தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. எண் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இடம்பெறும், புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், சான்றிதழ் 10 ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த காரைக் கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாடம் சந்தைக்கும் கோயிலுக்கும் ஓட்ட விரும்புகிறவர்கள் வழக்கமான பதிவையே புதுப்பித்துக்கொள்வது நல்லது என்று கழகத்தில் தெளிவாக எடுத்துச் சொல்கிறார்கள்.

குறைகளும் உண்டு. பருவத்தின் இறுதியில் மண்டபத்தில் நடக்கும் ஆண்டு விருந்தில் பொன்னாடை போர்த்துவதும் சிறப்புரைகளும் நீண்டு, அவியலும் எரிசேரியும் பிரதமனுமாகப் பரிமாறப்படும் நல்ல நாஞ்சில் நாட்டுச் சாப்பாடு ஆறிப்போகிறது. மெக்கானிக்குகள் பின்வரிசையில் அமர்ந்திருக்க, காரே இல்லாத பிரமுகர்கள் மேடையில் இருப்பது எனக்கு உடன்பாடில்லை. பெண்கள் குடும்பத்தோடு வருகிறார்கள், ஆனால் ஓட்டுகிறவர்கள் மிகச் சிலரே. தகப்பனாரின் ஆஸ்டினைத் தானே பராமரித்து ஓட்டிவரும் ஓர் அக்காவை ஒரு முறையாவது முன்வரிசையில் வழிகாட்டியாக விடலாம். வழித்தட விவரம் முந்தைய நாள் இரவில்தான் வருகிறது என்பதையும் சரிசெய்ய வேண்டும். முதிய உறுப்பினர்களுக்கு டயர், பிரேக் எண்ணெய் ஆகியவற்றைச் சரிபார்க்க ஒரு பகலாவது தேவை.

சந்தா, ஒரு காரை ஒரு முறை சர்வீஸ் செய்யும் செலவைவிடக் குறைவு. கார் இல்லாதவர்களும் சேரலாம். புதிதாக வருகிறவர்கள் முதல் பயணத்துக்குத் தம் காரைக் கொண்டுவராமல், வேறொருவரின் லேண்ட்மாஸ்டரிலோ அம்பாசிடரிலோ உடன் அமர்ந்து கீரிப்பாறைக்குப் போய் வருவது நல்லது; கேட்டால் யாரும் மறுப்பதில்லை. அதன்பின் தம் காரோடு வரும்போது விசிறிப் பட்டை ஒன்று, ரேடியேட்டருக்குத் தண்ணீர், மழை நனைத்தால், தீப்பொறிக்கான மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தைத் துடைக்க உலர்ந்த துணி ஆகியவற்றைக் கையோடு வைத்திருக்க வேண்டும். பெயர் பதிவு புரட்டாசியில் தொடங்குகிறது.