ஃபேமிலி லிங்க் போட்டு மூன்றரை வருஷம்: எங்கள் வீட்டு அனுபவம்

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடியபோது என் மகளுக்குப் பத்து வயது. ஆன்லைன் வகுப்புக்காக அவள் அப்பாவின் பழைய ஆண்ட்ராய்டு போனைக் கொடுத்தோம். அந்த ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது. செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸை முதன்முதலாக இந்தியாவில்தான் சோதனைக்கு விட்டது. கணக்கு டீச்சர் வந்த அதே சின்னத் திரையில் இவையும் வந்து உட்கார்ந்தன. பள்ளி திறந்ததும் வகுப்பு போய்விட்டது, இவை போகவில்லை.

2022 ஜூனில் மகளுக்கு 12, மகனுக்கு 8. ராத்திரி பதினொன்றரைக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தால் போர்வைக்குள் வெளிச்சம் தெரியும். காலையில் எழுப்பினால் சண்டை. அப்போதுதான் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

முதலில் செய்தது தவறு. ஒரு வருஷச் சந்தா கட்டி, பிள்ளையின் மெசேஜ்களை நம் போனில் காட்டும் ஒரு கண்காணிப்புச் செயலியை மகளுக்குத் தெரியாமல் போட்டேன். மூன்றாவது வாரம், தோழி அவளிடம் மட்டும் சொன்ன ஒரு விஷயத்தை நான் வாய்தவறிக் கேட்டுவிட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. செயலியை எடுத்துவிட்டேன், மன்னிப்பும் கேட்டேன். கட்டிய பணம் போனதைவிட, போன நம்பிக்கையைத் திரும்ப வாங்கப் பட்ட பாடுதான் பெரிது. பெற்றோர் யாராவது ரகசியமாகக் கண்காணிக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அதற்கப்புறம் வந்ததுதான் ஃபேமிலி லிங்க், பிள்ளைகளின் போனைப் பெற்றோர் தம் போனிலிருந்தே கட்டுப்படுத்தக் கூகுள் தருகிற செயலி. இலவசம். இதில் பிள்ளைகளின் மெசேஜைப் படிக்க முடியாது, அது எனக்கு நிம்மதி. என்னென்ன கட்டுப்பாடு இருக்கிறது என்பது அவர்கள் கையில் இருக்கிற போனிலேயே தெரியும். மொத்தமாக ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம் என்று வைக்கலாம், செயலிக்குச் செயலி தனி நேரம் வைக்கலாம், ராத்திரி இத்தனை மணிக்குப் பூட்டிக்கொள்ளச் சொல்லலாம். புதுச் செயலி ஏற்ற வேண்டுமென்றால் நம் அனுமதி கேட்கும். பூட்டிய பிறகும் வருகிற அழைப்பை எடுக்க முடியும். இரண்டு பேரையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் எல்லாவற்றையும் போட்டேன். பள்ளி நாளில் ஒன்றரை மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம், ராத்திரி ஒன்பதரைக்குப் பூட்டு.

ராத்திரிப் பூட்டு முதல் வாரமே பலன் கொடுத்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் கையால் போனைப் பிடுங்குகிற வேலை போனதே பாதிச் சண்டையைக் குறைத்துவிட்டது.

பகல் நேரக் கணக்குதான் சிக்கல். மகள் ஒரு செயலியில் படம் வரைவாள். ஒருநாள் அப்பாயிக்குப் பிறந்தநாள் பரிசாக அவர் முகத்தை வரைந்துகொண்டிருந்தாள். மூக்குத்தியில் வெள்ளைப் புள்ளி வைக்கிற நேரத்தில் ஒன்றரை மணி நேரம் முடிந்து திரை பூட்டிக்கொண்டது. நான் ஆபீஸில் இருந்தேன். கூடுதல் நேரம் கேட்டு அவள் அனுப்பியதை இரண்டு மணி நேரம் கழித்துத்தான் பார்த்தேன். வீட்டுக்கு வந்தபோது அழுது முகம் வீங்கியிருந்தது. "நான் வரைஞ்சதும், தம்பி ஷார்ட்ஸ் பார்த்ததும் உனக்கு ஒண்ணாம்மா?" என்றாள்.

அவள் கேட்டது நியாயம். இரண்டையும் ஒரே தராசில் வைத்தது நான்தான். அன்றைக்கே மொத்த நேரத்தை எடுத்துவிட்டுச் செயலிவாரியாக மாற்றினேன். வரைகிற செயலி, அகராதி, பாட்டுக் கேட்பது எல்லாம் எப்போதும் அனுமதிப் பட்டியலில். யூடியூபுக்கு 30 நிமிஷம். விளையாட்டுக்கு 30 நிமிஷம். எத்தனை மணி நேரம் என்பதைவிட எதில் என்று பார்க்க ஆரம்பித்தது அந்த நாளிலிருந்துதான்.

மகன் வேறு வழி கண்டுபிடித்தான். யூடியூப் செயலிக்கு நேரம் முடிந்தால் பிரவுசரைத் திறந்து அதே வீடியோவைப் பார்த்தான். செயலிக்கு வைக்கிற நேரம் அந்தச் செயலிக்கு மட்டும்தான் என்று எனக்கு அதுவரை தோன்றவில்லை. பிரவுசருக்கும் நேரம் வைத்தேன். உடனே அப்பாயி போனுக்குப் போய்விட்டான். கோயில் கும்பாபிஷேகமும் வடாம் போடுவதும் பார்க்கிற அவர் போனில் திடீரென்று கேம் வீடியோவாக வந்து நிற்கும். அப்பாயியிடம் எந்தச் செயலியும் போட முடியாது, பேசத்தான் முடியும். பேசினேன். "பிள்ளை கேட்டா எப்படி இல்லைன்னு சொல்றது?" என்றவர், அப்புறம் அவனுக்குப் பல்லாங்குழி சொல்லிக்கொடுத்தார். அது ஒரு மாதம் நன்றாக ஓடியது.

ஷார்ட்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு, சீரியலுக்குத் 'தொடரும்' உண்டு. இதற்கு முடிவே கிடையாது. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் இந்த ஏற்பாட்டை 2006இல் உருவாக்கிய வடிவமைப்பாளர் ஏசா ரஸ்கினே பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருந்தியிருக்கிறார். எங்கே நிறுத்துவது என்று பெரியவர்களுக்கே தெரியாத இடத்தில் எட்டு வயதுப் பிள்ளையைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அதனால் ஒரு பழக்கம் கொண்டுவந்தோம்: என்ன பார்க்கப் போகிறோம் என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் யூடியூபைத் திறக்க வேண்டும். தேடு, பார், மூடு. அடுத்தது தானாக ஓடுவதை நிறுத்திவைத்தேன். என் கணக்கில் பார்த்தவை பதிவாவதை நிறுத்தி, பழைய பதிவையும் அழித்தேன். 2023இல் யூடியூப் கொண்டுவந்த மாற்றத்தால், இப்படிச் செய்தால் முகப்பில் பரிந்துரை எதுவும் வராது, தேடும் பெட்டி மட்டும் இருக்கும். மகளும் பார்த்துவிட்டுத் தன் கணக்கிலும் செய்துகொண்டாள். நான் சொல்லவில்லை.

ஒருநாள் அவள், "உன் போனையும் காட்டும்மா" என்றாள். போனை எவ்வளவு நேரம் பார்த்தோம் என்று கணக்குக் காட்டும் டிஜிட்டல் வெல்பீயிங்கைத் திறந்து காட்டினேன். அன்றைக்கு 3 மணி 50 நிமிஷம். 112 தடவை போனைத் திறந்திருக்கிறேன். ஆபீஸ் வேலை என்று சொல்லலாம், ஆனால் அதில் பெரும்பகுதி ஆபீஸ் வேலை இல்லை என்பது பட்டியலிலேயே இருந்தது. அன்றிலிருந்து வீட்டிலிருக்கிற எல்லாப் போனும், என் கணவருடையதும் என்னுடையதும் சேர்த்து, ராத்திரி ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தான் சார்ஜ். அலாரத்துக்குப் போன் வேண்டுமே என்று நான்தான் முதலில் சாக்குச் சொன்னேன். திருச்சி பெரிய கடை வீதியில் ஒரு மணி அடிக்கிற கடிகாரம் வாங்கிவந்தார் கணவர். ஃபேமிலி லிங்க் மூன்று வருஷத்தில் செய்ததைவிட அந்தக் கடிகாரம் அதிகம் செய்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

2023இல் மகளுக்கு 13 ஆகப்போகிற சமயம் கூகுளிலிருந்து மின்னஞ்சல் வந்தது. இனி தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்வதா, நம் மேற்பார்வை தொடர்வதா என்று பிள்ளையே முடிவு செய்யலாம் என்று அப்போது இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. என் கணவர் கட்டட வேலை பார்ப்பவர். "ஸ்லாப் போட்ட மறுநாளே கீழே முட்டுக் கொடுத்த சென்ட்ரிங்கைப் பிரிச்சா இறங்கிடும். பிரிக்காமலே விட்டா யாரும் குடி வர முடியாது. ஒவ்வொண்ணா பிரிப்போம்" என்றார். மகள் ராத்திரிப் பூட்டை மட்டும் இருக்கட்டும் என்றாள். யூடியூப் நேரத்தை எடுத்தோம். முதல் இரண்டு வாரம் ஆசை தீரப் பார்த்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். அப்புறம் அவளாகவே 45 நிமிஷம் வைத்துக்கொண்டாள்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து, 2025 ஏப்ரலில் இன்ஸ்டாகிராம். அந்த பிப்ரவரியில்தான் பதின்வயதினருக்கான தனிக் கணக்கு முறை இந்தியாவுக்கு வந்திருந்தது. உண்மையான பிறந்த தேதியைக் கொடுத்தால் கணக்கு தானாகவே பிரைவேட்டாக இருக்கும், ராத்திரி பத்திலிருந்து காலை ஏழுவரை நோட்டிஃபிகேஷன் அமைதியாகிவிடும், 60 நிமிஷம் ஆனால் நினைவூட்டும். 16 வயதுக்குக் கீழே என்றால் இவற்றைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். பொய் வயது போட்டால் இதெல்லாம் கிடைக்காது. அதனால் தேதியை அவளோடு உட்கார்ந்து போட்டேன்.

ஆனால் அவளுக்கு வலித்தது எந்த செட்டிங்கிலும் இல்லாத ஒன்று. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவளும் உருவ ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, தன் கூட்டத்தில் ஐந்து பேர் சினிமாவுக்குப் போய்ப் போட்ட போட்டோவைக் காட்டினாள். "என்னைக் கூப்பிடவே இல்லைம்மா." நான் போனைக் குறை சொல்லவில்லை. என் காலத்தில் திங்கட்கிழமை தெரிந்திருக்கும், இவளுக்கு அந்த நிமிஷமே தெரிகிறது, அதுதான் வித்தியாசம். ஒரு முறம் கீரை முடியும்வரை பேசினோம். முன்பின் தெரியாத ஒருவன் மெசேஜ் அனுப்பியபோதும் அவளாகவே வந்து காட்டினாள், சேர்ந்து பிளாக் செய்து புகார் போட்டோம். என்ன காட்டினாலும் போனைப் பிடுங்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். இதுவரை காப்பாற்றியிருக்கிறேன்.

புதிதாகப் போட நினைப்பவர்களுக்கு: 13க்குக் கீழே உள்ள பிள்ளைக்குத் தயங்காமல் போடலாம். 15 வயதுப் பிள்ளைக்கு முதன்முதலாக இதைப் போடுவதானால் அவனிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். பிள்ளையிடம் ஐபோன் இருந்தால் இது உதவாது. அதில் 2018இலிருந்தே ஸ்க்ரீன் டைம் இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாம். பிள்ளை சாப்பிடாமல், பள்ளிக்கூடம் போகாமல், போனை எடுத்தால் பொருளை உடைக்கிற நிலை வந்துவிட்டால் எந்தச் செயலியையும் நம்பிக் காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், தமிழில் பேசலாம். பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே 2014இலிருந்து 'ஷட்' என்ற கிளினிக் நடக்கிறது.

மகனுக்கு இப்போது 11. கிரிக்கெட் கேமில் இன்னும் நேரம் போதவில்லை, ஞாயிற்றுக்கிழமை "ஒரே ஒரு ஓவர்மா" என்று கூடுதல் நேரம் கேட்டு அனுப்புவான். சில சமயம் கொடுக்கிறேன், சில சமயம் கூடத்துக்குப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஓவரைப் பார்க்கிறேன். அவனுக்குத் தனிப் போன் ஒன்பதாம் வகுப்பில்தான் என்று பேசி வைத்திருக்கிறோம். தனக்கு எதை முதலில் பிரிக்க வேண்டும் என்று அக்காவிடம் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறான்.